ஏ1 டொச் சோதினைக்குப் பத்துக் கிழமை: புள்ளி எங்கே போகுது, எங்கே எடுக்கலாம்? (மன்ற உரையாடல்; ஒவ்வொரு பதிவுக்கு மேலயும் எழுதின ஆளின்ர புனைபேர்)

கடற்கரைவீதி

கொழும்பில கொய்தே நிறுவனத்தின்ர ஏ1 (ஸ்டார்ட் டொய்ச் 1, டொச் எண்ட ஜேர்மன் மொழிக்கு ஆரம்பப்படிச் சோதினை) எழுதப் பத்துக் கிழமை இருக்கு. வகுப்புப் புத்தகத்தில முக்கால்வாசி முடிஞ்சுது. இலக்கணம் ஓரளவுக்கு ஓடும். கேட்கிறதும் கதைக்கிறதும் மோசம். நாலு பகுதியிலயும் தனித்தனியா 60 எடுக்கவேணும் எண்டு ஒரு கதை அடிபடுது. அது உண்மையா? மிச்ச நாளை எதில செலவழிக்கிறது? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

நாலாம்வேற்றுமை

முதல்ல அந்த 60 கதையை முடிப்பம். ஏ1 இல பகுதிக்குப் பகுதி பாஸ் எண்டு ஒண்டும் இல்லை. கேட்டல், வாசிப்பு, எழுத்து, பேச்சு நாலுக்கும் தலா 15, மொத்தம் 60. அதை 1.66 ஆல பெருக்கி 100 ஆக்குவினம். 100 க்கு 60 வேணும். அதாவது 60 க்கு 36. கேட்டலில 6 மட்டும் எடுத்த ஒராள் எழுத்தில 12, வாசிப்பில 11, பேச்சில 10 எடுத்தால் 39 வந்து பாஸ். ஒரே நிபந்தனை, நாலையும் செய்திருக்கவேணும். எழுத்துச் சோதினை முடிஞ்ச கையோட வீட்ட போகேலாது.

நீங்கள் கேள்விப்பட்டது ஏ1 ஐவிட ரெண்டு படி கூடின பி1 கதை. அங்கதான் ஒவ்வொரு மொடியூலுக்கும் (பகுதிக்கும்) தனியா 60. அதால பி1 இல விழுந்த மொடியூலை மட்டும் திருப்பி எழுதலாம். ஏ1 இல விழுந்தால் முழுக்கத் திருப்பி எழுதவேணும். எத்தினை தரமும் எழுதலாம், ஆனால் ஒவ்வொரு தரமும் முழுக்காசு.

நேரம்: கேட்டல் 20 நிமிசம், வாசிப்பு 25, எழுத்து 20. பேச்சு குழுவா, கூடினால் நாலு பேர், கிட்டத்தட்ட 15 நிமிசம்.

பத்துக் கிழமையை எதில போடுறது எண்டு கேட்டால், எழுத்தில. ஏனெண்டு அடுத்த பதிவில.

நாலாம்வேற்றுமை

எழுத்தில ரெண்டு பகுதி.

முதலாவது படிவம், 5 புள்ளி. ஒரு ஆளைப் பற்றி நாலைஞ்சு வரி தந்திருப்பினம். அந்த ஆளுக்காக நீங்கள் படிவத்தில அஞ்சு வெற்றிடத்தை நிரப்பவேணும். இங்க விழுகிற ஆக்கள் முக்கால்வாசி தங்கட சொந்த விலாசத்தையும் தொழிலையும் எழுதிப் போட்டு வாற ஆக்கள். மற்றது எண்ணிக்கை. மனுசன், மனுசி, மூண்டு பிள்ளையள் எண்டு இருந்தால் 'ஆட்கள்' எண்ட இடத்தில 5, 'அதில் பிள்ளைகள்' எண்ட இடத்தில 3. விலாசத்தில தெருப் பேர் முதல், வீட்டிலக்கம் பிறகு. எங்கட வழக்கத்துக்குத் தலைகீழ். தபால் குறியீட்டெண் ஊர்ப் பேருக்கு முன்னால. வசனம் ஒண்டும் எழுதத் தேவையில்லை, ஒரு சொல் அல்லது ஒரு இலக்கம் காணும்.

ரெண்டாவது கடிதம், 10 புள்ளி, 30 சொல்லளவு. மூண்டு விசயம் எழுதச் சொல்லுவினம். ஒவ்வொண்டுக்கும் 3 புள்ளி: முழுக்கச் சொல்லி விளங்கினால் 3, அரைகுறையா விளங்கினால் 1.5, சொல்லாட்டில் 0. மிச்ச 1 புள்ளி விளிப்புக்கும் முடிப்புக்கும். கணக்கைப் பாருங்கோ. ஒரு விசயத்தை மறந்தால் ஒரே அடியில 3 போகுது, 100 க்கு எண்டால் கிட்டத்தட்ட 5. பெயர்ச்சொல்லுக்கு முன்னால பால் காட்டுற சொல் பிழைச்சு, 'டேர்' எழுதவேண்டிய இடத்தில 'டீ' எழுதினாலும் விளங்குதெண்டால் அந்த 3 உங்கட கையிலதான். இலக்கணத்துக்குப் பயந்து ஒரு விசயத்தை விடுகிறதைப் போல நட்டம் வேற இல்லை.

மாலைவகுப்பு

அண்ணா சொன்ன கணக்கு சரி. ஆனால் 'விளங்கினால் போதும்' என்பதை வைத்துக்கொண்டு வினைச்சொல்லை எங்கேயும் போட ஆரம்பித்தால் விளங்காமலே போய்விடும். சாதாரண வசனத்தில் வினை இரண்டாம் இடத்தில். இந்த ஒரு விதியை மட்டும் விடாதீர்கள்.

ஒரு மாதிரி தருகிறேன். பணி: அன்னா சனிக்கிழமை பிறந்தநாளுக்குக் கூப்பிடுகிறாள். எப்போது வருவீர்கள், என்ன கொண்டுவருவீர்கள் என்று எழுதி, வழியும் கேட்க வேண்டும்.

லீபெ அன்னா,
ஃபீலென் டாங்க் ஃபியூர் டீ ஐன்லாடுங். இஹ் கொம்மெ அம் ஸாம்ஸ்டாக் உம் ஸெக்ஸ் ஊர். இஹ் ப்ரிங்கெ ஐனென் கூஹென் மிட். வீ கொம்மெ இஹ் ட்ஸு டியர்? கன் இஹ் மிட் டெம் புஸ் ஃபாரென்?
ஃபீலெ க்ரியூஸெ
(பெயர்)

(அழைப்புக்கு நன்றி. சனிக்கிழமை ஆறு மணிக்கு வருகிறேன். ஒரு கேக் கொண்டுவருகிறேன். உன்னிடம் எப்படி வருவது? பஸ்ஸில் வரலாமா?) 30 சொல்லைத் தாண்டிவிட்டது, மூன்று விஷயமும் இருக்கிறது. இதற்கு மேல் அலங்காரம் வேண்டாம். கூட எழுதக் கூட எழுதப் பிழைதான் கூடும்.

தமிழ் எழுத்தில் நான் எழுதியதைப் பார்த்து உச்சரிப்பைப் பழகிவிடாதீர்கள், வாசிக்க வசதிக்காக மட்டும்.

ஆமர்வீதி

இதை அப்பிடியே பாடமாக்கினால் காணாதா? பத்துக் கடிதம் மனப்பாடம் பண்ணினால் ஏதோ ஒண்டு வந்துதானே ஆகவேணும்.

நாலாம்வேற்றுமை

தம்பி, அங்கதான் மாட்டுப்படுறது. முழுக் கடிதத்தைப் பாடமாக்கின ஆள் கேள்வியில 'எப்ப வருவீர்' எண்டு இருக்க 'எப்ப போவீர்' எண்டு பாடமாக்கினதை எழுதிப் போட்டு வருவார். அந்த விசயத்துக்குப் புள்ளி இல்லை. கடிதத்தைப் பாடமாக்காமல் துண்டுகளைப் பாடமாக்குங்கோ: நன்றி சொல்ல ஒண்டு, வரேலாது எண்டு சொல்ல ஒண்டு, நேரம் சொல்ல, விலை கேட்க, வழி கேட்க, இடம் பதிவு செய்ய. பதினைஞ்சு துண்டு காணும். கேள்வியைப் பார்த்து மூண்டைக் கோத்தால் கடிதம்.

விளிப்பு ரெண்டு வகை. சிநேகிதருக்கு 'லீபெ' (பெண்), 'லீபர்' (ஆண்), முடிவில 'ஃபீலெ க்ரியூஸெ'. ஹோட்டல், அலுவலகம், ஆளின்ர பேர் தெரியாத இடம் எண்டால் 'ஸேர் கெயேர்டெ டாமென் உண்ட் ஹெரென்', முடிவில 'மிட் ஃப்ரொய்ண்ட்லிஹென் க்ரியூஸென்'. இங்கிலீசில யோசிக்கிற ஆக்களுக்கு இது புதுசு. எங்களுக்கு 'நீ'யும் 'நீங்களும்' தானே. 'டு' எண்டால் நீ, 'ஸீ' எண்டால் நீங்கள். ஒரே கடிதத்தில ரெண்டையும் கலக்காதேங்கோ. மரியாதை 'ஸீ' எப்பவும் பெரிய எழுத்தில தொடங்கும். விளிப்புக்குப் பிறகு காற்புள்ளி, அடுத்த வரி சின்ன எழுத்தில.

மாலைவகுப்பு

தமிழை வைத்து இன்னும் கொஞ்சம். வேற்றுமையை ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்களுக்கு 'மியர்', 'ஈனென்' எல்லாம் தலையிடி. நமக்கு அது நாலாம் வேற்றுமை. 'வீ கேட் எஸ் ஈனென்' (எப்படி இருக்கிறீர்கள்) என்பதில் உள்ள 'ஈனென்' = உங்களுக்கு. 'எனக்குப் பிடிக்கும்' என்பதில் 'எனக்கு' வருவதுபோலத்தான் 'எஸ் கெஃபெல்ட் மியர்'. ஆங்கிலத்தில் 'நான் அதை விரும்புகிறேன்' என்று மாற்றி யோசித்தால்தான் குழப்பம்.

அதேபோல 'நான் கண்டிக்குப் போக விரும்புகிறேன்' என்பதில் 'போக' பின்னால் வருகிறது. டொச்சிலும் 'ஃபாரென்' கடைசியில்: 'இஹ் மொய்ஹ்டெ நாஹ் கண்டி ஃபாரென்.' ஆனால் ஒரு இடத்தில் தமிழ் கைவிடும். துணைவினை இல்லாத சாதாரண வசனத்தில் வினையைக் கடைசியில் தள்ளிவிடுவோம். 'இஹ் இன் கொழும்பு வோனெ' பிழை, 'இஹ் வோனெ இன் கொழும்பு' (நான் கொழும்பில் வசிக்கிறேன்) சரி.

கடற்கரைவீதி

எழுத்து விளங்குது. கேட்டல்தான் எனக்குப் பயம்.

ஸ்வோ

கேட்டலில 15 கேள்வி, மூண்டு பகுதி. முதலாவதில 6, படம் பார்த்து அ, ஆ, இ தெரிகிறது, ரெண்டு தரம் போடுவினம். ரெண்டாவதில 4, ஸ்டேசன், கடை, விமான நிலைய அறிவிப்பு, சரியா பிழையா. இது ஒரு தரம்தான். மூண்டாவதில 5, தொலைபேசியில விட்ட செய்தி, ரெண்டு தரம். ரெண்டாவது பகுதிக்குப் போகேக்க அடுத்த தரம் கேட்பம் எண்டு இருந்தால் நாலும் போச்சு. அறிவிப்புக்கு முதல் கேள்வியை வாசிச்சு, எது மாறக்கூடிய சொல் (இலக்கமா, நேரமா, இடமா) எண்டு கோடு போடுங்கோ.

புள்ளி போறது பெரும்பாலும் மூண்டு இடத்தில:

1. இலக்கம். 21 ஐ 'ஒண்டும் இருபதும்' எண்டு சொல்லுவினம்: ஐன்-உண்ட்-ஸ்வான்ஸிக். முதல் கேட்ட இலக்கத்தை முதல் எழுதினால் 12 ஆகிடும். முதலில் கேட்டதை வலப்பக்கம் எழுதிப் போட்டு, இடப்பக்கத்தை நிரப்பப் பழகுங்கோ. 13 க்கும் 30 க்கும், 15 க்கும் 50 க்கும் வித்தியாசம் கடைசி அசையில: 'ட்ஸேன்' எண்டு முடிஞ்சால் பதின்; 'ட்ஸிஹ்' எண்டு முடிஞ்சால் பத்துகள் (30 மட்டும் 'ஸிஹ்').

2. அரை. 'ஹால்ப் ஆஹ்ட்' எண்டால் எட்டரை இல்லை, ஏழரை. எட்டை நோக்கிப் பாதி எண்டு யோசியுங்கோ. தமிழிலயும் இங்கிலீசிலயும் முடிஞ்ச மணியை வைச்சுச் சொல்லுறம், இவை வரப்போற மணியை வைச்சுச் சொல்லுகினம். அறிவிப்புகளில 24 மணிக் கணக்கு: 17 ஊர் (மணி) 30.

3. தொலைபேசி இலக்கத்தில 2. 'ட்ஸ்வை'யும் (2) 'ட்ரை'யும் (3) குழம்பும் எண்டதால கன பேர் 2 ஐ 'ட்ஸ்வோ' எண்டு சொல்லுவினம். அதுதான் என்ர பேர்.

இன்னுமொண்டு. பிழைக்குப் புள்ளி கழிக்கமாட்டினம், வெறுமையா விடாதேங்கோ. கேள்வித்தாளில போட்ட புள்ளடி கணக்கில்லை, விடைத்தாளுக்கு மாத்தவேணும். மாத்த நேரம் தாற இடத்தில மாத்துறதைத் தவிர வேற வேலை பார்க்காதேங்கோ.

ஆமர்வீதி

வாசிப்பு லேசுதானே?

ஸ்வோ

லேசுதான், அதாலதான் கவனம் குறையும். மூண்டு பகுதி, தலா 5. ரெண்டு சின்னக் கடிதம் அல்லது மின்னஞ்சலில சரி/பிழை. ரெண்டு விளம்பரத்தில எது உதவும் எண்டு தெரிகிறது. கதவில, கடையில தொங்கிற பலகையில சரி/பிழை. பலகைதான் சிக்கல். ஒரு சின்னச் சொல் முழு விடையையும் திருப்பும்: 'ஆப்' (இருந்து), 'பிஸ்' (வரை), 'நூர்' (மட்டும்), 'அவ்ஸெர்' (தவிர), 'கெஷ்லொஸென்' (பூட்டு). 'வேர்க்டாக்' (வேலைநாள்) எண்டால் சனிக்கிழமையும் அதுக்குள்ள. 'ஸொன்ஆபென்ட்' ஞாயிறு இல்லை, சனி. இந்த ரெண்டிலயும் விழாத ஆக்கள் குறைவு.

நாலாம்வேற்றுமை

பேச்சுக்கு வருவம். புள்ளி 3 + 6 + 6.

முதல் பகுதி, உங்களை அறிமுகப்படுத்துறது: பேர், வயசு, நாடு, இடம், மொழி, தொழில், பொழுதுபோக்கு. கதைச்சு முடிய ஏதாவது ஒரு சொல்லை எழுத்துக்கூட்டச் சொல்லுவினம், ஒரு இலக்கம் கேட்பினம். இதுக்கெல்லாம் சேர்த்து 3 தான். ஆக்கள் இதையே ரெண்டு மாசம் பாடமாக்கி, மிச்ச 12 ஐக் கவனிக்கிறேல்ல.

பிழை வாற இடங்கள்: வயசு சொல்லேக்க 'இஹ் பின்' (நான் இருக்கிறன்) வரும், 'இஹ் ஹாபெ' (என்னட்ட இருக்கு) இல்லை. தொழிலுக்கு முன்னால 'ஐன்', 'ஐனெ' (ஒரு) போடக்கூடாது: 'இஹ் பின் லேரரின்' (நான் ஆசிரியை). மொழி சொல்லேக்க 'தமில், ஸிங்ஹலேஸிஷ் உண்ட் எங்லிஷ்'.

மாலைவகுப்பு

எழுத்துக்கூட்டலுக்கு நான் கொஞ்சம் விரிவாக.

ஆங்கில எழுத்துப் பெயர் காதில் ஊறியிருப்பதால் மூன்று உயிரெழுத்திலும் பிழை வரும். டொச்சில் முதல் எழுத்து 'ஆ', ஐந்தாவது எழுத்து 'ஏ', ஒன்பதாவது 'ஈ'. 'ஏ' என்று கேட்டதும் கை முதல் எழுத்தை எழுதப் போகும், நிறுத்துங்கள். ஏழாவது எழுத்து 'கே', பதினோராவது 'கா'. நமது பெயர்களில் அடிக்கடி வருகிற ஜே இங்கே 'யொட்', வை 'யுப்ஸிலொன்', வீ 'ஃபௌ', டபிள்யூ 'வே', இஸட் 'ட்ஸெட்'. ஒரே எழுத்து இரண்டு வந்தால் 'டொப்பல்' என்று முன்னால் சேர்த்துவிடலாம்.

நம் பெயர்கள் நீளம். பதினைந்து எழுத்தை மூச்சு விடாமல் ஓட்டாமல், அசை அசையாக நிறுத்திச் சொல்லுங்கள். உங்கள் பெயர், தெரு, ஊர் மூன்றையும் தினம் ஒரு தடவை. தபால் குறியீட்டெண் கேட்டால் வெள்ளவத்தைக்கு 00600: 'நுல் நுல் ஸெக்ஸ் நுல் நுல்'. ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னால் தலைகீழ்ச் சிக்கலே வராது. கைத்தொலைபேசிக்கும் அப்படியே.

நாலாம்வேற்றுமை

தங்கச்சி சொன்னதோட உச்சரிப்பு ரெண்டு வரி. ஊம்லௌட் (எழுத்துக்கு மேல ரெண்டு புள்ளி) போட்ட 'ஊ': உதட்டை 'ஊ'வுக்குக் குவிச்சு, உள்ளுக்க 'ஈ' சொல்லுங்கோ. ஊம்லௌட் போட்ட 'ஓ': உதடு 'ஓ', நாக்கு 'ஏ'. 'ஆஹ்ட்', 'பூஹ்' எண்டதில வாற தொண்டை ஒலி எங்களுக்குப் புதுசில்லை. 'மகன்' எண்டு யாழ்ப்பாணத்தில சொல்லேக்க நடுவில வாற ககரத்தைக் கொஞ்சம் உரப்பாச் சொல்லுங்கோ, காணும். டொச் 'ட்' கூட 'காற்று' எண்டதில வாற ற்ற் க்குக் கிட்ட. நாக்கை மடக்கி 'பாட்டு' மாதிரிச் சொல்லாதேங்கோ. கடைசி மெய்யில உகரம் ஒட்டுறது எங்கட பொதுக் குறை: 'ஹுண்ட்' தான், 'ஹுண்டு' இல்லை.

பேச்சு ரெண்டாம் பகுதி: ஒரு தலைப்பு, அட்டையில ஒரு சொல். தலைப்பு 'கடைக்குப் போறது', சொல் 'ப்ரோட்' (பாண்) எண்டால், அந்தச் சொல்லை வைச்சுப் பக்கத்தில இருக்கிற ஆளைக் கேள்வி கேட்கவேணும்: 'வோ கௌஃபென் ஸீ ப்ரோட்?' (நீங்கள் எங்க பாண் வாங்குறீங்கள்?) கேள்வியில அந்தச் சொல் இல்லாட்டியும், தலைப்பை விட்டு வெளிய போனாலும் புள்ளி குறையும். எந்தச் சொல்லுக்கும் ஒத்துவாற நாலு கேள்விச் சொல் கையில வைச்சிருங்கோ: 'வோ' (எங்க), 'வான்' (எப்ப), 'வாஸ்' (என்ன), 'வீ ஒஃப்ட்' (எத்தினை தரம்). பதில் ஒரு வசனமாச் சொன்னால் காணும். 'யா' (ஓம்) எண்டு மட்டும் சொல்லி நிப்பாட்டாதேங்கோ.

மூண்டாம் பகுதி: அட்டையில படம். அதை வைச்சு ஒரு வேண்டுகோள், மற்ற ஆள் பதில் சொல்லுவார். 'கியொன்னென் ஸீ பிட்டெ டாஸ் ஃபென்ஸ்டர் ட்ஸூமாஹென்?' (தயவுசெய்து சன்னலைப் பூட்டுவீங்களா?) எண்ட சட்டத்துக்குள்ள எந்தப் பொருளையும் போடலாம். பதிலுக்கு 'யா, கேர்ன்' (ஓம், சந்தோசமா) ஒண்டு, 'டூட் மியர் லைட்' (மன்னியுங்கோ) ஒண்டு. விளங்காட்டில் 'நொஹ் ஐன்மால், பிட்டெ' (இன்னொருக்கா, தயவுசெய்து). இப்பிடிக் கேட்கிறதைக் குற்றமா எடுக்கமாட்டினம். பேசாமல் இருந்தால்தான் புள்ளி போகும்.

ஆமர்வீதி

இந்தச் சோதினை கனடாவில இருக்கிற என்ர சொந்தக்காரர் சொன்ன மாதிரி விசாவுக்கு மட்டும்தானா? என்னென்னத்துக்குச் செல்லும்?

மாலைவகுப்பு

ஜேர்மனியில் இருக்கும் கணவன் அல்லது மனைவியிடம் போவதற்கு 2007 இலிருந்து ஏ1 கேட்கிறார்கள். விலக்குகள் உண்டு, உதாரணமாக புளூ கார்ட் (உயர்தகுதி வேலை அனுமதி) வைத்திருப்பவரின் துணைக்குத் தேவையில்லை. 2024 ஜூனில் வந்த 'ஷான்ஸென்கார்டெ' என்ற வேலை தேடும் அனுமதிக்கு ஏ1 டொச் அல்லது பி2 ஆங்கிலம். நேர்ஸ் வேலை, அவுஸ்பில்டுங் (தொழிற்பயிற்சி) என்று போகிறவர்களுக்கு ஏ1 ஆரம்பப்படி மட்டும், அதோடு நிற்காது.

சான்றிதழில் காலாவதித் தேதி கிடையாது. ஆனால் விசா கொடுக்கிறவர்கள் புதிய சான்றிதழை எதிர்பார்க்கலாம். ஆகவே மற்றப் பத்திரங்கள் தயாராகும் காலத்தை ஒட்டி எழுதுவது நல்லது. 10 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு இருக்கும் ஏ1 'ஃபிட் இன் டொய்ச் 1', அது வேறு. பதியும்போது மாற்றித் தெரிந்துவிடாதீர்கள்.

கடற்கரைவீதி

நன்றி எல்லாருக்கும். அப்ப பத்துக் கிழமையை எப்பிடிப் பிரிக்கிறது?

ஸ்வோ

ஏ1 சொற்பட்டியலில கிட்டத்தட்ட 650 சொல். கொய்தேயின்ர இணையத்தில இலவசம். முக்கால்வாசிப் பாடம் முடிஞ்சதெண்டால் அரைவாசிக்கு மேல தெரிஞ்சிருக்கும். மிச்சத்தை நாளுக்கு 10 ஆகப் போட்டால் ஆறு கிழமைக்குள்ள முடியும். பெயர்ச்சொல்லைத் தனியா எழுதவேண்டாம். 'டேர், டீ, டாஸ்' ஓடயும் பன்மையோடயும் எழுதுங்கோ, மூண்டு நிறப் பேனை.

கேட்டலுக்குத் தினம் 20 நிமிசம், ஒரே ஒலித்துண்டு மூண்டு தரம்: முதல் சும்மா, ரெண்டாவது எழுதி, மூண்டாவது எழுத்தைப் பார்த்துக்கொண்டு. டொய்ச்ச வெல்லெயின்ர ஏ1 வீடியோப் பாடமும் காசில்லை. சினிமா, பாட்டு எல்லாம் இந்த மட்டத்துக்கு வேகம் கூட, இப்ப வேண்டாம்.

கடிதம் கிழமைக்கு மூண்டு, கையால, நேரம் வைச்சு. ஃபோனில தட்டெழுதினால் அது சொல்லைத் திருத்தித் தந்திடும், பிறகு மண்டபத்தில கை ஓடாது.

மாதிரி வினாத்தாளை இப்பவே எல்லாத்தையும் செய்து முடிக்காதேங்கோ. ஒலியோட கிடைக்கிறது கொஞ்சம்தான். ஒண்டை இந்தக் கிழமை, எங்க நிக்கிறம் எண்டு பார்க்க. மற்றது எட்டாம், ஒன்பதாம் கிழமைக்கு, 65 நிமிசமும் ஒரே இருப்பில.

நாலாம்வேற்றுமை

பேச்சுக்கு ஆள் தேவை, தனிய ஏலாது. வகுப்பில மூண்டு பேர் சேர்ந்து கிழமையில ரெண்டு நாள், அட்டை வெட்டி: 40 சொல், 40 படம். படத்துக்குக் குசினியில இருக்கிறதையே எடுங்கோ: கத்தி, கோப்பை, உப்பு, கதிரை.

கடற்கரைவீதி

கடைசியா ஒண்டு. பதியேக்க பேர் எப்பிடிக் குடுக்கிறது? எனக்கு அப்பாவின்ர பேர் முன்னால, என்ர பேர் பின்னால.

மாலைவகுப்பு

கடவுச்சீட்டில் இருக்கிறபடியே, ஓர் எழுத்துக்கூட மாறாமல். அதில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் உள்ளதை 'ஃபமீலியென்னாமெ'யிலும், மற்றப் பெயர்கள் என்ற இடத்தில் உள்ளதை 'ஃபோர்னாமெ'யிலும் போடுங்கள். வீட்டில் எது யாருடைய பெயர் என்பது இங்கே கணக்கில்லை. முதலெழுத்தாகச் சுருக்க வேண்டாம். சான்றிதழ் வந்ததும் வீட்டுக்குக் கொண்டுபோவதற்கு முன் பெயரையும் பிறந்த திகதியையும் கடவுச்சீட்டோடு ஒத்துப் பாருங்கள். அன்றைக்கு மண்டபத்துக்கு மூலக் கடவுச்சீட்டு, ஃபோட்டோக்கொப்பி செல்லாது.

ஆமர்வீதி

சோதினை நடக்கிற கொய்தே நிறுவனம் கிரெகரிஸ் வீதிதானே? காலமை வாகன நெரிசலுக்கு எத்தினை மணிக்கு வெளிக்கிடவேணும்?

ஸ்வோ

ஓம், கொழும்பு 7. ஆனால் அனுமதிக் கடிதத்தில என்ன இடம் போட்டிருக்கெண்டு பார்த்திட்டு வெளிக்கிடுங்கோ. கேட்டல் தொடங்கினாப் பிறகு கதவு திறக்கமாட்டினம். ஒரு மணித்தியாலம் கூட வைச்சே வாங்கோ.